சபுறா மாமியின் காணி

அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், மற்ற முனையை லெம்பேட் அண்ணன் ஒரு கல்லுக்குக் கீழே செருகிவிட்டு தோண்டும் அலவாங்குக் கம்பியைக் கையில் எடுத்துவிட்டார், இனி நான் பிடிக்கத் தேவையில்லைதான், ஆனாலும் விடவில்லை, விட்டால் கை சும்மா இருக்கும், கை சும்மா இருந்தால் தலை ஓடத் தொடங்கும். இப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வெயில் ஒன்பது மணிக்கே பிடரியில் வந்து குந்திவிட்டது. போன கிழமை பெக்கோ இயந்திரம் வந்து காட்டை வழித்துவிட்டுப் போன மண், அறுபட்ட வேரின் மணம், எங்கிருந்தோ ஒரு முள் செருப்புக்குள் ஏறிக் குதிக்காலைச் சுரண்டுகிறது. எனக்கு இது புதிதில்லை. பாலைக்கேணியிலும் பக்கத்து மூன்று ஊர்களிலும் மீள்குடியேற்ற வீட்டுத் திட்டத்தில் இருநூற்றிப் பதினாலு வீட்டுக்கு இப்படி நின்றிருக்கிறேன், அத்தனையிலும் இன்றைக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லமாட்டேன், பூட்டிக் கிடப்பதும் உண்டு, ஆனால் ஒன்றுகூடக் கோணல் இல்லை. நிஸ்மியா மிஸ் கால் வைத்தால் காணிச் சண்டை பாதி தீர்ந்துவிடும் என்று பிரதேச செயலகத்தில் சொல்கிறார்கள், முகத்துக்கு நேரே சொல்வதை நான் சாதாரணமாக நம்புவதில்லை, இதை மட்டும் நம்புகிறேன். அலவாங்கு இறங்கும் சத்தத்தை வைத்தே கீழே என்ன கிடக்கிறது என்று சொல்வேன். மண் என்றால் தொப். வேர் என்றால் கொஞ்சம் துள்ளும். கல் என்றால் டிங் என்று பிடிக்கிற கைக்கே ஏறி வரும். இன்றைக்கு வேண்டியது இந்த மூன்றும் இல்லை, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய அத்திவாரம், அதன் சத்தம் மந்தமாக இருக்கும், நித்திரையில் கிடக்கிற ஆளைத் தட்டினால் ‘ம்’ என்பாரே, அப்படி. அதற்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். தொப். தொப். துள்ளல். தொப்.

சபுறா மாமி கவிழ்த்துப் போட்ட சீமெந்து வாளியின் மேல் குடை பிடித்து உட்கார்ந்திருக்கிறார், காலையில் புத்தளத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதிலிருந்து பத்து வார்த்தை பேசவில்லை. எல்லை எது மாமி என்று கேட்டேன், “வீடு நிண்ட இடத்தில இருந்து ஏழு முழம் தள்ளி” என்றார். வீடு எங்கே நின்றது என்று கேட்டேன். கண்ணைச் சுருக்கி அங்கும் இங்கும் பார்த்தார், “காட்டோட எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு புள்ள” என்றார். காணி உறுதிப் பத்திரம் இல்லை, புத்தளத்து முகாமில் ஒரு மழைக்குக் கொட்டிலுக்குள் வெள்ளம் வந்தபோது பெட்டியோடு கூழாகிவிட்டது. ஆகையால் மாமியின் கணவர் மீராசா மாமா தொண்ணூறுக்கு முன்னர் கட்டிய அந்த வீட்டின் அத்திவாரம்தான் இப்போது உறுதி. அது மண்ணுக்குள் எங்கேயோ கிடக்கிறது, அதைத் தேடுகிறவர் பக்கத்துக் காணிக்காரர் லெம்பேட் அண்ணன், அவர்தான் கட்டப்போகிற புது வீட்டுக்கு மேசன், அவருடைய குசினிதான் இந்தக் காணிக்குள் வந்து நிற்கிறது என்று எனக்குச் சந்தேகம். இதை இதுவரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சபுறா மாமி சொல்லவில்லை, லெம்பேட் அண்ணன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை, மூன்று பேரும் அந்தக் குசினியைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஓலைக்கூரை, மண்சுவர், உள்ளே அவருடைய மனைவி பிலோமினாக்கா ஏதோ தாளிக்கிறார், கருவேப்பிலை பொரியும் வாசம் எல்லை பார்க்காமல் வருகிறது. நாளைக்குப் பின்னேரம் நாலு மணிக்குள் எல்லையின் இரண்டு பக்கத்துக் காணிக்காரரும் ஒப்பமிட்ட எல்லைப் படிவத்தை நான் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் வீடு பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆளும் பாவம்தான். எல்லாரும் பாவம்தான். ஆனால் இன்றைக்கு நான் சபுறா மாமியின் ஆள்.

லெம்பேட் அண்ணனைக் கள்ளன் என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன். ஒன்பது தரம் இடம்பெயர்ந்தவர், ஒருநாள் தேத்தண்ணி குடிக்கிறபோது விரல் மடக்கி ஊர் ஊராகச் சொன்னார், ஒன்பதாவது இடம் முள்கம்பி போட்ட முகாம், அதிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கியபோது ஓர் அதிகாரி கையை நீட்டி “அந்த மரம் வரைக்கும் உங்கட” என்றாராம். எந்த மரம் என்று கேட்கிற நிலைமையில் அவர் இல்லை, மழை பெய்துகொண்டிருந்தது, பிலோமினாக்காவுக்குக் காய்ச்சல், தறப்பாளை எங்கே கட்ட முடிந்ததோ அங்கே கட்டினார், பிறகு அதுவே சுவராயிற்று, சுவருக்கு ஒரு குசினி ஒட்டிக்கொண்டது. அவர் தமிழர், நாங்கள் சோனக முஸ்லிம்கள், தொண்ணூறில் எங்களை ஊரைவிட்டுத் துரத்தியவர்கள் அவருடைய மொழி பேசினார்கள், என்னுடைய மொழியும் அதுதான், இந்த இடத்தில்தான் யோசனை எப்போதும் போய்ச் சிக்கும். ஒலிபெருக்கியில் சொன்ன தமிழ் எனக்கு நன்றாக விளங்கியது. எனக்கு அப்போது பதினொரு வயது. பையொன்றும் தூக்கக்கூடாது என்றார்கள், உம்மா என்னுடைய மூன்று சட்டைகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக எனக்குப் போட்டுவிட்டா, ஐப்பசி மாதப் புழுக்கம், கடற்கரைக்கு நடக்கிறபோது வேர்வை உள்சட்டையில் ஊறி மேல்சட்டைக்கு வந்து அதற்கு மேல்சட்டைக்கும் வந்தது, கழுத்தெல்லாம் வேர்க்குரு, எனக்கு ஊர் போகிறது என்று தெரியவில்லை, சொறிய வேண்டும் என்பதுதான் தெரிந்தது. வள்ளத்தில் ஏறியபிறகும் சொறிந்துகொண்டேயிருந்தேன். வாப்பா திரும்பிப் பார்த்தாரா இல்லையா என்று பிறகு தம்பி கேட்டான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஊர் போன நாளைப்பற்றி யாராவது கேட்டால் என் கழுத்து இப்போதும் அரிக்கிறது. இதோ.

தொப். துள்ளல். லெம்பேட் அண்ணன் இடம் மாறுகிறார், வடக்கே மூன்று அடி, குசினிப் பக்கமாக. நல்லது. எனக்குத் தெரிந்த மேசன்மார் வேலை தெரிந்தவர்கள், பொய் சொல்லத் தெரியாதவர்கள், சுவரில் பொய் சொன்னால் தூக்குக்குண்டு காட்டிக் கொடுத்துவிடும். நான் பயப்படுவது அவருக்கு இல்லை. சபுறா மாமிக்குத்தான். சமாதானம் வந்துவிட்டது என்று சொன்ன அந்த வருடங்களில் எனக்கு இருபத்துநாலு வயது, முதல் வேலை, புதுச் செருப்பு, கையில் பெயர்ப்பட்டியல், புத்தளத்து முகாம் பள்ளிக்கூட மண்டபத்தில் முந்நூறு பேருக்கு முன்னால் ஏறி நின்று சொன்னேன், இனிப் பயமில்லை, ஊருக்கு வாருங்கள் என்று. இனிப் பயமில்லை. யார் எனக்கு அந்த வார்த்தையைக் கொடுத்தார்கள், எந்த அலுவலகம், எந்தச் சுற்றறிக்கை, ஒருவரும் இல்லை, நானே சொன்னேன், சொல்கிறபோது அது உண்மைபோல வாய்க்குள் இனித்தது. முப்பத்தொரு குடும்பம் வந்தது. மீராசா மாமாவும் சபுறா மாமியும் வந்தார்கள், இதே காணியில் ஓலைக்கொட்டில் போட்டார்கள், பயற்றை நட்டார்கள். நாலு வருடத்தில் செல் குண்டு விழத் தொடங்கியது. மறுபடியும் ஓட்டம், உழவு இயந்திரப் பெட்டிக்குள் பதினாறு பேர், அதற்குள் மீராசா மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாராம், இறக்கிப் படுக்க வைக்க இடமில்லாமல் இருந்தபடியே போய்விட்டாராம். நான் அப்போது கொழும்பில் ஒரு பயிற்சியில் இருந்தேன், குளிரூட்டிய அறை, மத்தியானம் கோழிச் சோறு, கைபேசியில் செய்தி வந்தது, கோழியை முழுங்கவும் முடியவில்லை துப்பவும் முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த இரண்டு வார்த்தையை நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. தண்ணி இருக்கு என்பேன், பாதை போட்டிருக்கு, பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் நடக்குது, கரண்டுக்குக் கம்பம் நட்டிருக்கு. கண்ணால் கண்டதை மட்டும் சொல்வேன். அப்படிச் சொல்லித்தான் இருநூற்றிப் பதினாலு. சபுறா மாமி ஒரு நாளும் அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, ஏசியிருந்தால் நல்லது, ஏசாமல் இருப்பதுதான் இந்த முள் மாதிரி உள்ளேயே கிடந்து நடக்கிறபோதெல்லாம் சுரண்டுகிறது.

ம். அதுதான். அந்தச் சத்தம்தான், எனக்குத் தெரியும், குசினிச் சுவருக்கு ஒரு முழத்துக்கு இந்தப் பக்கம், மந்தமாக, ம் என்று. லெம்பேட் அண்ணன் அலவாங்கை இழுக்காமல் அப்படியே நிற்கிறார். தலையைத் தூக்கி என்னைப் பார்க்கவில்லை. முதுகுதான் தெரிகிறது, சேட்டில் வேர்வை இலங்கைப் படம் மாதிரிப் பரந்திருக்கிறது. பிறகு அலவாங்கை இழுத்துக்கொண்டு குசினியைச் சுற்றிப் போகிறார், எங்கள் பக்கமாக அல்ல, குசினிக்கு அந்தப் பக்கமாக, பிலோமினாக்கா சட்டி கழுவும் இடத்துக்கு. குத்துகிறார். சத்தம் இங்கே கேட்கவில்லை. நான் என்ன செய்ய வேண்டும். போய்ப் பார்க்கலாம், பார்த்தால் நம்பவில்லை என்று ஆகிவிடும். போகாவிட்டால், அவர் அந்த இடத்தை மிதித்து மூடிவிட்டு மிஸ் இஞ்ச ஒண்டும் இல்ல என்றால், நான் கேட்ட சத்தத்தை எந்தப் படிவத்தில் எழுதுவேன். ஒன்பது தரம். பத்தாவது தரம் இடம்பெயரு என்று ஒரு மனிதனிடம் அலவாங்கைக் கொடுத்து அவரையே தோண்டச் சொல்லியிருக்கிறேன், வேறு மேசன் கிடைக்கவில்லையா நிஸ்மியா உனக்கு, கிடைத்திருப்பார், நானேதான் இவரைத் தெரிந்தெடுத்தேன், வீடு எழும்புகிறபோது அவர் கையும் அதில் இருக்க வேண்டும் என்று, அது கெட்டித்தனமா பேராசையா. பத்து வரை எண்ணுவேன், பிறகு போவேன். ஒன்று. இரண்டு. சபுறா மாமி குடையை மடக்குகிறார், அவருக்கும் கேட்டிருக்கிறது. ஏழு. எட்டு. “மிஸ்!” என்கிறார் லெம்பேட் அண்ணன் அந்தப் பக்கத்திலிருந்து, “நாடாவக் கொண்டு வாங்கோ. மற்ற மூலையும் கிடைச்சிட்டுது. இது நேர போகுது, எங்கட அடுப்புக்குக் கீழால.”

அவர் மற்ற மூலையைத் தேடித்தான் போயிருக்கிறார். ஒரு மூலையை மட்டும் காட்டினால் யாராவது பிறகு கேள்வி கேட்பார்கள் என்று இரண்டு மூலையும் பார்த்து நேர்கோடு பிடித்துவிட்டுக் கூப்பிடுகிறார், மேசன் புத்தி, என் புத்தி அந்த நேரத்தில் எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அளக்கிறோம். அத்திவாரத்திலிருந்து ஏழு முழம், சபுறா மாமி சொன்ன கணக்கு, குசினி முழுவதும் உள்ளே, அதற்கு அப்பாலும் கோழிக்கூடு வரை உள்ளே. லெம்பேட் அண்ணன் போய்க் குசினிக்கூரையில் ஓர் ஓலையை உருவுகிறார், இரண்டாவதையும் உருவுகிறார். உள்ளேயிருந்து பிலோமினாக்கா அகப்பையோடு வெளியே வருகிறார், “உங்களுக்கு விசரே மனிசன், அடுப்பில கறி கிடக்கு, மேலால குப்பை கொட்டுண்டுது!” “காணி அவயின்ர,” என்கிறார் அவர், மூன்றாவது ஓலையில் கை. “அதுக்கு இப்பவே பிரிக்கிறதே?” “பிறகெண்டால் எனக்கு மனம் வராது.” சபுறா மாமி நேரே நடந்து போய் அவர் கையிலிருந்த ஓலையைப் பிடித்துக்கொள்கிறார். “தம்பி, விடுங்க. நான் உங்கட குசினிய உடைக்கவா வந்த?” “அக்கா, அத்திவாரம் வெட்டேக்க இது நிக்கேலாது.” “நிக்கலாம்” என்கிறேன் நான். இது என் இடம். இதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை, படத்தை வாளியின் மேல் விரித்துத் திருப்பிக் காட்டுகிறேன், வீட்டை மேற்குப் பார்க்க வைக்காமல் தெற்குப் பார்க்க வைத்தால், நீளப்பக்கம் பாதையோடு போகும், குசினிக்கும் புது வீட்டுக்கும் நடுவில் ஆறடி நடைபாதை வரும். ஆனால் ஒன்று, லெம்பேட் அண்ணா, குசினி நிற்கிறதால் காணி உங்களுடையது ஆகாது, படிவத்தில் எல்லை அத்திவாரத்துக்கு ஏழு முழம் தள்ளித்தான், குசினியை உங்கள் பக்கத்தில் தை மாதத்துக்குள் கட்டிக்கொள்ள வேண்டும், கட்ட நான் தறப்பாளும் நாலு கம்பும் கேட்டு எடுத்துத் தருவேன். “மாமி, நீங்களும் இரக்கப்பட்டுக் காணியைக் குடுத்திடக்கூடாது. இரக்கம் உங்கட பிள்ளைகளுக்குச் சண்டையாப் போகும்.” சபுறா மாமி என்னை மேலும் கீழும் பார்க்கிறார். “சரியான பொல்லாத ஆள் நீ” என்கிறார். பிலோமினாக்கா சிரித்துவிட்டார். லெம்பேட் அண்ணன் உருவிய ஓலையைத் திரும்பச் செருகுகிறார், கறிக்குள் விழுந்ததை எடுத்தாயா என்று மனைவியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறார்.

ஒப்பம் வாங்குகிறேன். லெம்பேட் அண்ணன் எழுத்துக் கூட்டி முழுப்பெயரையும் போடுகிறார். சபுறா மாமி பேனையை வாங்கிக்கொண்டு போடாமல் இருக்கிறார், இதுதான் நான் பயந்த இடம், வெற்றுக் கோட்டுக்கு மேலே பேனை நிற்கிறது, பதினாலு வருடத்துக்கு முன்னரும் ஒரு படிவம், இதே பெயர், நான்தான் நீட்டினேன். வாய் தானாகத் திறந்துவிட்டது. “மாமி, அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது.” “எண்டைக்கு?” “முகாம் பள்ளிக்கூடத்தில. இனிப் பயமில்ல எண்டு.” அவர் நெற்றியைச் சுருக்குகிறார். “நீயா சொன்ன?” “நான்தான். மேடையில நிண்டு.” “மைக் வேல செய்யல்லயே புள்ள அண்டைக்கு. கீ கீ எண்டுதான் கத்தின. பின்னால நிண்ட எங்களுக்கு உன்ட வாய் அசையிறதுதான் தெரிஞ்ச. நல்லாக் கையக் காலை ஆட்டிக் கதைக்கிறாள் எண்டு மனிசன் சொல்லிச் சிரிச்சாரு.” மைக். மைக் வேலை செய்ததா. எனக்கு என் குரல் மண்டபம் முழுக்க நிறைந்தது நினைவிருக்கிறது, சுவரில் பட்டுத் திரும்பி வந்தது நினைவிருக்கிறது, அது வெளியே கேட்டதா என் தலைக்குள் மட்டும் கேட்டதா. “அவரு வரணும் எண்டு நிண்டாரு, வந்தம். நெஞ்சு வருத்தமும் அதுக்கு முதலே இருந்த, உனக்குத் தெரியாது. நீ என்னத்துக்கு அதெல்லாம் தூக்கித் தலையில வச்சிக்கிட்டு ஈக்கிறாய்?” உண்மையைச் சொல்கிறாரா, எனக்காகச் சொல்கிறாரா, முகத்தைப் பார்க்கிறேன், குடை மடக்கிய முகத்தில் வெயில் நேராக விழுகிறது, ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்டவர்கள் முன்வரிசையில் இருந்திருப்பார்கள். முன்வரிசையில் யார் யார். அதை யோசிக்கத் தொடங்குகிறேன், பிறகு நிறுத்துகிறேன், நிறுத்த முடிகிறது, அது புதிது. “இப்ப பயமில்லயா மாமி?” என்று கேட்கிறேன். “இல்லாம? பயம்தான். பேனையப் புடிச்சிட்டுப் போடாம நிண்ட அதுக்குத்தான்” என்று சொல்லிவிட்டுப் போடுகிறார், கோட்டுக்கு மேலே கொஞ்சம் ஏறி, ஐ. சபுறா உம்மா.

அந்த மையே காயவில்லை, சொல்கிறார், “பின்னேர பஸ்ஸுக்கு நான் போகல்ல.” எங்கே மாமி நிற்கப் போகிறீர்கள், கூரை இல்லை, சுவர் இல்லை, இரண்டு மூலை மட்டும் கிடைத்திருக்கிறது. “பிலோமினா படுக்கப் பாய் தாறன் எண்டுது. கல்லு வந்து இறங்கேக்க காணிக்காரர் நிக்கணும், இல்லாட்டி உடைஞ்ச கல்லை இறக்கிட்டுப் போவாங்க.” அதற்குள் பேசி முடித்துவிட்டார்கள், குசினிக்குள் எப்போது போனார், நான் படத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தபோதா. மகன் றிம்சானுக்கு நான்தான் சொல்ல வேண்டும், உம்மாவைப் பின்னேரம் பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். கைபேசியில் அழைக்கிறேன், புத்தளத்தில் அவனுடைய கடைச் சத்தம், சொல்கிறேன், அவன் சத்தத்தை விட்டு வெளியே வருகிறான். “என்ன ராத்தா கதைக்கிறீங்க. வாப்பாவ அங்க கூட்டிட்டுப் போய் என்ன நடந்த எண்டு தெரியும்தானே. ஏதும் நடந்தா நீங்க பொறுப்பா?” எத்தனை தரம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், குளிக்கிறபோது, மோட்டார் சைக்கிளில் தனியே வருகிறபோது, நீளமான பதில்கள், அரசாங்கம், சூழ்நிலை, எவரும் உறுதி சொல்ல முடியாது. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். “ஓம்” என்கிறேன். “நான் கிழமைக்கு மூண்டு நாள் இஞ்ச வருவன். மற்ற நாளில லெம்பேட் அண்ணன் நிக்கிறார், அவர்ட நம்பர் இப்ப அனுப்புறன். உங்கட உம்மா நான் கேட்டு நிக்கல்ல. ஆனா நிக்கிறதுக்கு நான் பொறுப்பு.” அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சுகிற சத்தம். சபுறா மாமி என் கையிலிருந்து கைபேசியை உருவி எடுக்கிறார், தூரத்தில் இருக்கிறவனுக்குக் கேட்கட்டும் என்று ஊரே கேட்கக் கத்துகிறார். “மகன், ஞாயித்துக்கிழமை வா. வரேக்க என்ட உடுப்புப் பெட்டி, தொழுகப் பாய், மருந்துப் பை. அழாத. பெரிய சட்டியையும் கொண்டு வா. சின்னது போதாது, இஞ்ச ஆக்கள் ஈக்காங்க.”